விழிஞ்ஞத்துக் கல்யாணத்துக்குப் போகிற தம்பிக்கு

மக்களே,

தை மாதம் விழிஞ்ஞத்தில் கல்யாண வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். பெண் நம்ம குளச்சல் பக்கம், மாப்பிள்ளை விழிஞ்ஞம், திருப்பலி சிந்து யாத்திரை மாதா கோயிலில். தனியாகப் பிடித்த முதல் வேலை, சந்தோஷம். இதற்காகக் கடன் போட்டு ஒரு 85 எம்எம் லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. கையில் இருக்கிற 24-70 போதும். 85 மாட்டினால் ஜோடியை மட்டும் தனியே பிரித்து எடுக்கத்தான் கை போகும். பின்னால் நிற்கிற அத்தனை பேரும் வண்ணப் புள்ளிகளாகக் கரைந்துபோவார்கள். கடற்கரைக் கல்யாணத்தில் பாதிப் படம் அவர்கள்தான்.

2017 நவம்பர் 30 உனக்கு நினைவிருக்குமா? பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய். ஒக்கிப் புயல். பூந்துறை, விழிஞ்ஞம் தொடங்கி நம்ம வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் வரை கடலுக்குப் போனவர்களைக் காணாமல், படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் கரையில் நின்றார்கள். அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை. கருங்கல்லில் என் ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் கொண்டுவந்தது பெரும்பாலும் கல்யாண ஆல்பம். "இந்த வரிசையில மூணாவதா நிக்கானே, அவனை மட்டும் வெட்டித் தாருங்க" என்பார்கள். தங்கச்சி கல்யாணத்துக்குத் தைத்த சட்டை, வகிடெடுத்துச் சீவிய தலை, தோளில் பக்கத்து ஆளின் கை. அந்தக் கையை அழித்து, பின்னால் நீலம் போட்டுக் கொடுக்க வேண்டும். வருஷம் முழுக்கக் கடலில் கிடக்கிற ஆளுக்கு வேறு நல்ல படம் ஏது? ஆதார் அட்டையில் இருக்கிற முகத்தைப் பெற்ற தாயே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

படம் தெளிவாக இருந்த வீடும் உண்டு. மூன்றாவதாக நின்றவனின் முகம் மங்கி, அவனுக்கு முன்னால் மணப்பெண்ணின் கம்மல் மட்டும் பளிச்சென்று இருந்த வீடும் உண்டு. எடுத்தவன் அன்றைக்கு என்ன நினைத்து எடுத்தானோ.

அதற்காக ஜோடியை விட்டுவிட்டு ஊரை எடு என்று சொல்லவில்லை. ஜோடியை அவர்கள் ஆட்களுக்கு நடுவில் வைத்துப் பார் என்கிறேன். இப்போது எல்லாக் கல்யாணத்திலும் 'கேண்டிட் ஆள்' ஒருவர், 'ட்ரெடிஷனல் ஆள்' ஒருவர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கேண்டிட் ஆளுக்குக் கூலி அதிகம், மரியாதையும் அதிகம். வரிசையாக நிற்க வைத்துக் கும்பல் படம் எடுக்கிறவரை ஏதோ இரண்டாந்தரம் மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமே இல்லை. கும்பல் படம் எடுப்பதுதான் கஷ்டம். முப்பது பேரில் கண்ணை மூடாத ஒரு விநாடியைப் பிடிக்க வேண்டும். பின்வரிசையில் நிற்கிற குள்ளமான சித்தப்பாவை முன்னால் இழுக்க வேண்டும். எஃப் 8 வைத்து எடு. ஒவ்வொரு வரிசையையும் நாலு தடவை எடு.

பழைய ஆட்களின் வேலையைப் பார்க்க ஆசை இருந்தால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து சிலர் தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேகரித்திருக்கிறார்கள், பார். வரைந்த திரைக்கு முன்னால், ஒருவர் நாற்காலியிலும் ஒருவர் பக்கத்திலுமாகக் கணவன் மனைவி. சிரிப்பில்லை, தொடுகையில்லை. ஆனால் நாற்காலியின் சாய்மானத்தில் அந்தப் பெண் எவ்வளவு அழுத்தி விரலை ஊன்றியிருக்கிறாள் என்று பார்த்தால், அவள் எத்தனை பதற்றத்தில் நின்றாள் என்று தெரிந்துவிடும். உன் கண் அந்த விரலுக்குப் பழக வேண்டும்.

நிச்சயித்த கல்யாணத்தில் பலர் அதற்கு முன்னால் மொத்தம் சில மணி நேரம்தான் நேரில் பேசியிருப்பார்கள். அவர்களை மாமி, அத்தை, கோயில் அச்சன் எல்லாரும் பார்க்க நெற்றியோடு நெற்றி ஒட்டச் சொன்னால் கூச்சம்தான் படத்தில் விழும். சும்மா இரு. அவர்களாகவே தருவார்கள். உதாரணம், மின்னு, அதாவது தாலி, கட்டுகிற நேரம். வலை இழுத்துக் காய்த்த தடித்த விரலுக்குத் தங்கச் சங்கிலியின் பொடிக் கொக்கி பிடிபடவே படாது. மாப்பிள்ளைக்கு வேர்க்கும். ஒரு தடவை நழுவும், இரண்டாவது தடவையும் நழுவும். பின்னால் நிற்கிற அவன் அக்கா, பெண்ணின் தலையில் போட்ட நெட் துணியை விலக்கிப் பிடித்தபடி கழுத்தை எட்டிப் பார்ப்பாள். பெண் குனிந்த தலையோடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் "மாப்பிள்ளை, இங்க பாருங்க" என்று ஒரு கூச்சல் போட்டால் மூன்று முகமும் கட்டைபோல ஆகிவிடும். நம் தொழிலில் பாதிப் பேர் செய்வது இதுதான்.

எங்கே நிற்பது என்பதை முந்தைய நாளே அச்சனிடம் போய்க் கேள். பீடத்துக்கு எவ்வளவு பக்கம் வரலாம், ஃப்ளாஷ் எப்போது கூடாது என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொள். வீடியோ ஆளோடும் அங்கேயே பேசி முடித்துவிடு. அவர் எல்இடி விளக்கை நேராக முகத்தில் அடித்தால் உன் படமும் போச்சு, பெண் கண்ணைச் சுருக்கியபடியே கல்யாணம் முடிந்துவிடும்.

வெளிச்சம் பற்றி ஒன்று. வெள்ளை கவுனைப் பார்த்ததும் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டைப் பார்த்தால் நேர்மாறாகச் செய்யும். முகத்துக்கு அளவு வை, கவுன் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து யாரையும் வெளுப்பாக்காதே. கோடாக் கம்பெனி பல பத்தாண்டுகளாக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையை லேபுகளுக்கு அனுப்பி, அவள் தோலுக்குத்தான் நிறத்தைச் சரிசெய்ய வைத்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகும் அந்த வேலையை நாம் கையால் தொடர்கிறோம். கடல் வெயிலில் கறுத்த முகத்தைப் பால்கோவா நிறத்துக்குக் கொண்டுவருகிறோம், கழுத்து மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கிறது. "கொஞ்சம் கலர் போடுங்க" என்று வீட்டார் கேட்பார்கள். ஒரு படத்தை அப்படியே நல்ல பேப்பரில் பிரிண்ட் போட்டுக் காட்டு. அதற்கப்புறம் கேட்பது குறையும்.

அவுட்டோருக்கு வருவோம். உனக்கு ஆசை அதில்தான் என்று தெரியும். ஆழிமலையில் 58 அடி கங்காதரேஸ்வரர் சிலை, கோவளம் பக்கம் 1972இல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம், நடுவில் பாறையும் அலையும். எல்லாம் அழகுதான். ஆழிமலைப் பாறையில் பாசி இருக்கும். கவுனும் புது ஷூவும் போட்டவர்களை அங்கே இறக்காதே, எவ்வளவு கெஞ்சினாலும் இறக்காதே. தையில் ஆறரை வாக்கில் சூரியன் இறங்கிவிடும். கடைசி இருபது நிமிஷம் போதும். அதற்கு மேல் அவர்களைப் பந்தலிலிருந்து பிடுங்கி வைத்தால், சாப்பிட உட்கார்ந்த விருந்தாளிகள் ஜோடியைப் பார்க்காமலே பஸ் ஏறிப் போவார்கள். ட்ரோன் பறக்கவிட வேண்டுமென்றால் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பார்த்துவிட்டுப் பேசு. பக்கத்தில் துறைமுகம் இருக்கிறது.

அந்தத் துறைமுகம் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ கப்பல் வந்தது, 2025 மே 2இல் பிரதமர் திறந்துவைத்தார். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் ஃபிரேமில் ஏதாவது ஒரு மூலையில் கிரேன் எட்டிப் பார்க்கும். சிலர் அதை ஃபோட்டோஷாப்பில் அழித்துவிடுகிறார்கள், சிலர் அதையே பின்னணியாக வைத்து ரீல்ஸ் போடுகிறார்கள். நீ இரண்டையும் செய்வதற்கு முன்னால் கேட்டுவிடு. 2022இல் இந்தத் திட்டத்தை எதிர்த்து நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்த ஊர் இது. மாப்பிள்ளையின் அப்பா அந்தப் போராட்டப் பந்தலில் இருந்திருக்கலாம். மாப்பிள்ளையின் தம்பி அதே துறைமுகத்தில் வேலைக்குப் போகலாம். இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிற விஷயம்தான்.

விழிஞ்ஞத்தில் ஒரு வேலை நன்றாக முடிந்தால் அடுத்தது வரும். மீன்பிடித் துறைக்கு ஒரு பக்கம் மாதா கோயில், மறுபக்கம் பள்ளிவாசல். நிக்காஹ் வேலை வந்தால், பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையும் கை கோத்து உட்காருகிற இடத்தில் பெரும்பாலும் பெண் இருக்க மாட்டாள். அவள் இருக்கிற அறைக்குள் போக உன் அணியில் ஒரு பெண் புகைப்படக்காரர் கட்டாயம் வேண்டும். கூலியும் உனக்குச் சமமாகக் கொடு. கதிர்மண்டபத்தில் நடக்கிற இந்துக் கல்யாணம் என்றால் நம்மூர்க் கணக்கில் நேரம் இருக்கிறது என்று நினைத்து வெளியே டீ குடிக்கப் போகாதே. தாலி, மாலை, புடவை என்று சட்டென்று முடிந்து எல்லாரும் சத்யா விருந்துக்குப் போய்விடுவார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மாப்பிள்ளையின் அம்மாவைப் போய்ப் பார். மாப்பிள்ளையிடம் கேட்டால் நண்பர்கள் பெயரைச் சொல்வான். அம்மாதான் யார் யார் கட்டாயம் படத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லுவாள். கூட வள்ளத்தில் போகிறவர்கள், கண் தெரியாத பாட்டி, பேசாமல் இருந்து இப்போது ராசியான பெரியப்பா. பெயர்களை எழுதி வாங்கு. ஆல்பம் டிசைன் பண்ணும்போது கும்பல் படங்களைச் சின்னதாக்கிக் கடைசிப் பக்கத்தில் தள்ளாதே. ஒரிஜினல் ஃபைல்களை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வை, ஒன்று வீட்டில், ஒன்று கடையில். பணம் பாதி முன்னாலேயே வாங்கிக்கொள். ஆல்பம் கொடுக்கிற தேதியைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு.

அன்புடன்,
கருங்கல் அண்ணன்