வானவழியில் உயர வரம்பு

இராமேசுவரத்திற்குச் செல்லும் புகைவண்டி பாம்பனிற் கடலைக் கடக்கின்றது. கப்பல்களும் அவ்விடத்திலேயே குறுக்காகச் செல்லல் வேண்டும். ஆதலின், 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழுந்து கப்பலுக்கு வழிவிட்டது. 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ நடுப்பகுதி முழுவதும் மேலே தூக்கப்படுகின்றது. ஒன்று கடக்கும்வரை மற்றொன்று காத்திருத்தலால் வண்டியும் கப்பலும் தீங்கின்றிச் செல்கின்றன. அக்கடற்கரையில் நின்று அண்ணாந்து நோக்கின், வானத்திற் செல்லும் விமானங்களையும் காண்கின்றோம். விரைந்து பறக்கும் அவை நடுவானில் நின்று காத்திருத்தல் இயலாது. அவற்றை மோதாமற் காப்பது யாது? அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

விமானங்களைப் பிரித்து வைக்கும் முறைகளுள் தலையாயது உயரம். நிலத்திலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தார் ஒவ்வொரு விமானிக்கும் இன்ன உயரத்திற் செல்க என்று வானொலி வாயிலாக ஆணையிடுவர். ஒரே வழியில் இரண்டு எதிரெதிரே வருமாயின், அவற்றினிடையே 1,000 அடியேனும் இருக்குமாறு வகுப்பர். விமானி தாம் கேட்ட ஆணையைத் திரும்பச் சொல்லல் வேண்டும். இறங்கும் காலத்திலேயே இவ்வரம்பு பெரிதும் சோதிக்கப்படுகின்றது. அப்போது உயரம் படிப்படியாக மாறுகின்றது. புதிய ஆணைகள் அடுத்தடுத்து வருகின்றன. விமானியின் கண்ணுக்கும் கைக்கும் வேலை மிகுகின்றது.

விமானி உயரத்தை அறிவது உயரமானியால். அது காற்றின் அழுத்தத்தை அளந்து, அதனை உயரமாகக் காட்டுங் கருவியாகும். மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறையும். கடல் மட்டத்தருகே 1 மில்லிபார் வேறுபாடு ஏறக்குறைய 27 அடிக்கு ஒக்கும். நம் கடற்கரையிற் புயல் நெருங்கி, அழுத்தம் 10 மில்லிபார் தாழ்ந்துள்ளதாகக் கொள்வோம். கருவியை அதற்கேற்பத் திருத்தாது இறங்கும் விமானி, அது காட்டும் உயரத்தினும் ஏறக்குறைய 270 அடி தாழ்ந்திருப்பார். ஆகவே, இறங்குமுன் அவ்விடத்து அழுத்தத்தைக் கேட்டறிதல் இன்றியமையாததாம்.

உயரம் தவறியதன் விளைவை நம்மை அடுத்துள்ள நாடு நன்கறியும். 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், இலங்கையிலுள்ள கட்டுநாயக்காவை நோக்கி வந்த டச்சு விமானம் ஒன்று, தான் இருக்குமிடத்தைத் தவறாகக் கணித்து முன்னதாகவே தாழ்ந்து, ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் மக்காவுக்குச் சென்ற யாத்திரிகர்.

இதனினும் பெரியதோர் இடர் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மாலை, கசகஸ்தானத்தினின்று வந்த இல்யூஷின் விமானம் டில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சவூதி நாட்டுப் போயிங் விமானம் டில்லியினின்று ஏறிக்கொண்டிருந்தது. வருவதற்கும் போவதற்கும் அந்நாளில் அங்கே ஒரே வான்வழி இருந்தது. இல்யூஷின் 15,000 அடியிலும், போயிங் 14,000 அடியிலும் நிற்குமாறு ஆணை. எதிரே போயிங் வருகின்றது என்ற செய்தியும் இல்யூஷினுக்கு அறிவிக்கப்பட்டது. எனினும், அது 15,000 அடியில் நில்லாது மேலும் தாழ்ந்தது. அரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரிக்கு அருகே இரண்டும் வானில் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேருள் ஒருவரும் பிழைத்திலர். நிலத்திலிருந்த ரேடார் அந்நாளில் விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டியதேயன்றி, உயரத்தைக் காட்டவில்லை.

நீதிபதி லகோத்தி தலைமையில் விசாரணை நடந்தது. ஆணையின்றித் தாழ்ந்ததே மோதலின் காரணம் என்று முடிவாயிற்று. அவ்வாறு தாழ்ந்தது ஏன்? இல்யூஷின் குழுவினர்க்கு ஆங்கில அறிவு போதாமையும், அவர்கள் தம்முள் ஒத்துழையாமையும் எடுத்துக் காட்டப்பட்டன. நிலையத்தாருடன் பேசியவர் விமானத்தை ஓட்டியவரல்லர். அதற்கெனத் தனி அலுவலர் இருந்தார். எதிரே வருவதன் உயரமாகச் சொல்லப்பட்ட எண்ணைத் தமக்கு இட்ட ஆணையாக அவர்கள் கொண்டிருத்தல் கூடும் என்பர். அங்ஙனமாயின், காதில் விழுந்த எண் சரியே. அஃது யாருடையது என்பதே மயங்கிற்று. இலக்கணம் பயிலும் நாம் ஆறாம் வேற்றுமையைத் தேர்வுக்குரிய பாடமென்றே எண்ணுகின்றோம். ‘இன்னாருடையது’ என்னும் அச்சிறு பொருளில் உயிர்கள் தங்கியிருத்தலும் உண்டு.

அதன்பின் டில்லியில் வரவுக்கும் போக்குக்கும் வெவ்வேறு வழிகள் வகுக்கப்பட்டன. உயரத்தையுங் காட்டும் ரேடார் அமைந்தது. விமானங்கள் மோதல் தவிர்க்குங் கருவியைக் கொண்டிருத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இரு விமானங்கள் நெருங்கின், இக்கருவி ஒன்றை ஏறுகவென்றும் மற்றொன்றை இறங்குகவென்றும் ஏவும். 2002-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், ஜெர்மனியில் ஊபர்லிங்கன் அருகே ஒரு விமானி கருவியின் சொற்படியும், மற்றவர் நிலையத்தார் சொற்படியும் நடந்தனர். இரண்டும் ஒருங்கே இறங்கி மோத, 71 பேர் இறந்தனர். கருவி ஏவுமாயின் அதற்கே முதலிடம் தருக என்பது இப்போது தெளிந்த விதியாகும். அப்போதும், உயரம் மாறியதை விமானி நிலையத்தார்க்கு உடனே அறிவித்தல் வேண்டும். வரம்பைக் கடத்தல் ஒருகாற் கடமையாதலும் உண்டு. சொல்லாது கடத்தல் ஆகாது.

வானளாவக் கோபுரம் எடுக்க முயன்றோர் மொழி தாறுமாறாயிற்று என்று பாபேலின் கதையை நாம் சிறுவயது முதற் கேட்டிருக்கின்றோம். வானத்தை அடைந்துவிட்ட இக்காலத்தும் அக்கதை பழையதாகவில்லை.

இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம் இளமையில் விமானியாக விரும்பியவர். அவ்விருப்பமுடையோர் நம் கல்லூரியிலும் உளர். அவர்களிற் பலர் தமிழ்வழியிற் பயின்று வந்தவர். வகுப்பில் ஆங்கிலச் சொல் விளங்காதபோது, நகைப்பரென்று அஞ்சித் தலையசைத்து அமைபவர். நாமும் அங்ஙனம் தலையசைத்ததுண்டு. விளங்காததை விளங்கவில்லை என்று கூறுதல் இழிவன்று. கேட்டதைத் திரும்பச் சொல்லி, ஐயமுற்றதை மீண்டுங் கேட்கும் பழக்கத்தை நம் வகுப்பறையிலேயே தொடங்குவோமாக.