தனியா முடியலைன்னா துணைக்கு ஆள் வெச்சுக்கோ

தங்கச்சி, தம்பி, ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு இருப்பதாலேயே நீ சோம்பேறி ஆகிவிட மாட்டாய். செய்ய வேண்டியது என்னவென்று உனக்கு நன்றாகத் தெரியும். அதைச் செய்யும் நேரத்தில்தான் மனசு ஒத்துழைப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல வருஷமாகச் சொல்லிவருவதும் இதுதான்: தெரிந்ததைச் செயலாக்கும் இடத்தில்தான் சிக்கல். அதனால் "நாளையிலிருந்து ஒழுங்கா இருப்பேன்" என்ற சபதத்தை நம்பாதே. வெளியிலிருந்து ஒரு பிடிமானம் வேண்டும்.

அதை எப்படி அமைப்பது என்று நம் கரையிலேயே பார்க்கலாம். பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள், பாசி அழிந்துவிடக் கூடாதென்று மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். முன்னின்று நடத்திய லட்சுமி அக்காவுக்கு 2015-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது. கடலைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அதன் அமைப்பு உனக்கும் பொருந்தும். இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று ஒருத்தி தினமும் தன் மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நாள் பொதுவில் குறித்தாகிவிட்டது, கூடப் போக ஆள் இருக்கிறது, வராதவளை விசாரிக்கவும் ஆள் இருக்கிறது.

முதலில் ஒரே ஒரு ஆளைப் பிடி. திட்டாத ஆளாக இருக்க வேண்டும், இதில் சமரசம் செய்யாதே. அம்மாவோ மனைவியோ கணவரோ வேண்டாம் என்பேன். வீட்டு ஆள் ஞாபகப்படுத்தினால் சீக்கிரமே அது சண்டையாகிவிடும். கூட்டாளி, மகளிர் குழுவில் இருக்கும் அக்கா, கூட வேலை பார்ப்பவர் யாரானாலும் சரி. அவர் உன் வேலையைச் செய்ய வேண்டாம், மேற்பார்வையும் வேண்டாம். நீ கணக்கு எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் வலை பின்னட்டும், பூக் கட்டட்டும். தூரத்தில் இருந்தால் வீடியோ காலைப் போட்டு வைத்துக்கொண்டு ஆளுக்கொரு வேலை பாருங்கள். கூட ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு வேலையைத் தொடங்கப் போதுமானதாக இருக்கிறது.

சொல்வதைத் துல்லியமாகச் சொல். "இந்த வாரம் பேப்பர் வேலையை முடிக்கிறேன்" என்றால் அது நடக்காது. "சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கிட்டு இ-சேவை மையத்துக்கு வர்றேன், நீ வாசல்ல நில்லு" என்று சொல். தூரத்துக் கெடு நமக்கு உறைக்காது. மீன்பிடித் தடைக்காலத்தையே எடுத்துக்கொள்: விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். இன்ஜின் பார்க்க, படகுக்குப் பெயிண்ட் அடிக்க ஏராளமான நேரம் இருப்பதுபோல் தோன்றும், கடைசி வாரம்தான் அலறுவோம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வேலை என்று பிரித்து, அன்று சாயங்காலம் கூட்டாளிக்குப் போட்டோ அனுப்பு.

தவறிப்போகும் நாள் வரும். அதற்கான பேச்சை முன்கூட்டியே முடித்துக்கொள். "ஏன் செய்யலை?" என்று கேட்கக் கூடாது, "அடுத்து எப்போ?" என்று மட்டும் கேட்க வேண்டும். சில மகளிர் குழுக்களில் வராதவர்களுக்கு அபராதம் உண்டு. நம் ஏற்பாட்டில் அது வேண்டாம். சின்ன வயசிலிருந்தே திட்டு வாங்கிப் பழகிய மனசு, வெட்கப்பட்டால் போனையே எடுக்காது. அந்த வெட்கம் நிறையப் பேருடைய படிப்பையும் வேலையையும் தின்றிருக்கிறது. எனக்கு ஆறாத வருத்தம் அதுதான்.

கொஞ்ச நாளில் இந்த ஏற்பாடு சலித்துப்போகும். நேரத்தையோ இடத்தையோ ஆளையோ மாற்று, நிறுத்திவிடாதே.

இந்தத் துணை, மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. ஏ.டி.எச்.டி. 12 வயதுக்குள்ளேயே தலைகாட்டியிருக்கும், பலருக்குப் பெரியவர்களான பிறகுதான் தெரியவருகிறது. தூக்கக் குறைவு, மனச்சோர்வு, தைராய்டு பிரச்சினையிலும் இதே தடுமாற்றம் வரலாம். அதனால் நீயே முடிவுகட்டாமல் மனநல மருத்துவரைப் பார். எங்கே போவதென்று தெரியாவிட்டால் டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். மருத்துவரிடம் போகவும் அந்தக் கூட்டாளியையே அழைத்துப் போ.

இப்போதே ஒருவருக்குப் போன் போடு. எந்த வேலை, எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை மட்டும் சொல்லிவிட்டு வை.