குரங்குக் கூட்டத்தில் ஒரு புது வழக்கம்

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பர் பெரியோர். அப்பழக்கங்கள் எங்கிருந்து வருகின்றன? சில பிறவியிலேயே அமைந்தவை. பசித்தால் அழுவதற்குக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இதை இயல்பூக்கம் என்கிறோம். உண்ணுமுன் கை கழுவுவது போன்ற வேறு சிலவற்றைப் பிறரைப் பார்த்துக் கற்கிறோம். இது சமூகவழிக் கற்றல் எனப்படும். இவ்வாறு கற்றது தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டால் அது மரபாகிறது. மரபு மனிதருக்கே உரியது என்று நெடுங்காலம் எண்ணி வந்தனர். அவ்வெண்ணத்தை அசைத்தது ஒரு குட்டிக் குரங்கு என்றால் நம்புவீர்களா, தோழியரே?

ஜப்பான் நாட்டில், கியூஷு தீவின் கரையோரத்தில் கோஷிமா என்னும் சிறு தீவு உள்ளது. கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கின்ஜி இமானிஷியும் அவருடைய மாணவர்களும் 1948ஆம் ஆண்டில் அத்தீவின் குரங்குகளை ஆராயத் தொடங்கினர். காட்டில் மறைந்து திரிந்த குரங்குகளை வெளியே வரவழைக்க, 1952இல் கடற்கரை மணலில் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளைப் போட்டனர். ஒவ்வொரு குரங்குக்கும் பெயரிட்டு, அதன் தாய் யார், வயது என்ன என்று குறித்து வைத்தனர்.

1953 செப்டம்பரில், ஒன்றரை வயதுப் பெண்குட்டி ஒன்று மணல் ஒட்டிய கிழங்கை ஓடை நீரில் கழுவித் தின்றது. இதை முதலில் கண்டவர் அப்பகுதியைச் சேர்ந்த சட்சுவே மிட்டோ என்ற ஆசிரியை. குட்டியின் பெயர் இமோ. ஜப்பானிய மொழியில் ‘இமோ’ என்றால் கிழங்கு!

சில மாதங்களில் இமோவுடன் விளையாடும் குட்டி ஒன்றும், இமோவின் தாய் ஏபாவும் கிழங்கைக் கழுவத் தொடங்கின. 1958இல் 2 முதல் 7 வயது வரையுள்ள 19 குரங்குகளில் 15 கழுவின. அதற்கு மூத்த 11 குரங்குகளில் கழுவியவை 2 மட்டுமே. இரண்டும் பெண் குரங்குகள். முதிர்ந்த ஆண் குரங்குகள் ஒன்றுகூடக் கற்கவில்லை. அவை குட்டிகளோடு நெருங்கிப் பழகுவது குறைவு. நெருக்கம் இல்லாத இடத்தில் வழக்கம் எப்படிப் பரவும்?

1956இல் இமோ மீண்டும் ஒரு புதுமை செய்தது. மணலோடு கலந்த கோதுமையை அள்ளி நீரில் போட்டது. மணல் மூழ்கியது, கோதுமை மிதந்தது. அதை எடுத்துத் தின்றது! இவ்வழக்கமும் மெல்ல மெல்லப் பரவியது.

பெண்குட்டிகள் வளர்ந்து தாயாயின. நீரருகே தாயை ஒட்டியிருந்த சேய்கள், நீரில் விழுந்த கிழங்குத் துண்டுகளைப் பொறுக்கித் தின்று வளர்ந்தன. இளையோரிடமிருந்து மூத்தோருக்கு ஏறிய வழக்கம், இப்போது தாயிடமிருந்து சேய்க்கு இறங்கியது. இமோவைக் காணாத தலைமுறைகளும் கிழங்கைக் கழுவின.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. மணலும் நீரும் அருகருகே இருக்க, ஒவ்வொரு குரங்கும் தானே இதைக் கண்டுபிடித்திருக்கலாமே? பென்னட் கேலஃப் என்ற அறிஞர் இவ்வையத்தை எழுப்பினார். பார்த்துக் கற்றிருந்தால், கழுவும் குரங்குகள் பெருகப் பெருக வழக்கமும் விரைந்து பரவியிருக்க வேண்டும். ஆனால் அது மெதுவாகவே பரவியது என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் தாய் செய்வதை அப்படியே நடித்துக் காட்டுவது மட்டும் கற்றல் அன்று. தாயின் பின்னால் நீரருகே செல்வதால் ஒரு குட்டிக்குக் கற்கும் வாய்ப்புக் கிடைத்தால், அதுவும் பிறரால் பெற்ற கல்வியே.

இவ்வையத்தைத் தெளிவிக்க, அமெரிக்காவில் சிம்பன்சிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்து 2005இல் வெளியிட்டனர். ஒரு கருவியிலிருந்து உணவை எடுக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒரு கூட்டத்தில் ஒரு பெண் சிம்பன்சிக்கு முதல் வழியையும், வேறொரு கூட்டத்தில் மற்றொன்றுக்கு இரண்டாம் வழியையும் பழக்கினர். பெரும்பாலும் ஒவ்வொரு கூட்டமும் தன் உறுப்பினர் காட்டிய வழியையே பின்பற்றியது. யாரும் காட்டித் தராத மூன்றாம் கூட்டமோ உணவை எடுக்கவே அறியவில்லை! கருவி ஒன்றே, வழி வேறானதற்குக் காரணம் பார்த்துக் கற்றதே.

ஆகவே, காட்டில் ஒரு குரங்குக் கூட்டம் அழியும்போது உயிர்கள் மட்டும் அழிவதில்லை; அக்கூட்டம் சேர்த்து வைத்த அறிவும் அழிகிறது. அதை மீண்டும் கற்பிக்க எந்தப் பள்ளியும் இல்லை. இன்னொன்றும் நாம் அறியத்தக்கது. கூட்டத்திற்கே வழிகாட்டிய இமோ அதன் தலைவன் அன்று; ஒன்றரை வயதுப் பெண்குட்டி! சிறியோர் கண்டதைப் பெரியோரும், பெரியோர் காத்ததைச் சிறியோரும் கற்கும் கூட்டமே வளரும் கூட்டம் அன்றோ?