காந்தத்தைக் கையில் கொடுங்க, கேள்வியை நீங்க கேளுங்க



"நாங்களே அஞ்சாவது தாண்டலை. பிள்ளைக்கு எப்படி அறிவியல் சொல்லித் தர்றது?" என்று நம்மில் பலர் தயங்குகிறோம். நாம் சொல்லித் தர வேண்டாம். பிள்ளையைக் கேள்வி கேட்டு, செய்து பார்க்க விட்டாலே போதும். இந்த முறை காந்தத்தை வைத்துச் செய்து பார்ப்போம்.

கெட்டுப்போன ரேடியோ ஸ்பீக்கரின் பின்பக்கம் கருப்பாக, வட்டமாக இருப்பது காந்தம்தான். அதைக் கழட்டுகிற வேலையைப் பெரியவங்க செய்யுங்க.

1. ஒட்டுமா, ஒட்டாதா?

ஆணி, ஊக்கு, பித்தளைச் சொம்பு, அலுமினியக் கரண்டி, எவர்சில்வர் தட்டு, வளையல், சில்லறைக் காசு எல்லாவற்றையும் பரப்பி வைங்க. காந்தத்தை வைக்கும் முன்னே, "இது ஒட்டுமா?" என்று கேளுங்க. பிள்ளை சொல்கிற பதிலை நோட்டில் எழுதச் சொல்லுங்க. அப்புறம் வைத்துப் பார்க்கட்டும். பதில் தப்பானால் திட்டாதீங்க. "ஏன் இப்படி ஆச்சு?" என்று மட்டும் கேளுங்க.

இரும்பு ஒட்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் ஒட்டாது. எவர்சில்வரில் சில பாத்திரம் ஒட்டும், சிலது ஒட்டாது. எல்லா எவர்சில்வரிலும் இரும்பு உண்டு. ஆனால் நிக்கல் அதிகம் சேர்த்த ரகம் பெரும்பாலும் ஒட்டாது. காசிலும் இப்படித்தான், ஒட்டுவதும் உண்டு, ஒட்டாததும் உண்டு.

2. கை நனையாமல் ஊசி எடுப்பது

கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு ஊசியைப் போடுங்க. காந்தத்தை வெளிப்பக்கமாக வைத்து மெல்ல மேலே நகர்த்தினால் ஊசியும் கூடவே ஏறி வரும். கண்ணாடியும் தண்ணீரும் காந்த சக்தியைத் தடுப்பதில்லை என்று பிள்ளை கண்ணால் பார்த்துக்கொள்ளும். தையல் வேலை செய்கிறவங்க தரையில் சிந்திய ஊசியைத் தேடவும் காந்தம் உதவும்.

3. திசை காட்டும் ஊசி

ஒரு ஊசியைக் காந்தத்தின் மேல் ஒரே பக்கமாக 40 தடவை தேயுங்க. முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஒரு சின்ன இலையை மிதக்கவிட்டு, அதன் மேல் ஊசியை வைங்க. காந்தத்தைத் தூரமாக எடுத்து வைச்சிடுங்க. ஊசி திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். விரலால் திருப்பிவிட்டாலும் பழையபடி வந்து நிற்கும். காலையில் சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் வடக்கு. சரியா என்று பிள்ளையே பார்க்கட்டும். பூமியே ஒரு பெரிய காந்தம் என்பதுதான் காரணம். இதை 1600-ல் வில்லியம் கில்பர்ட் என்ற இங்கிலாந்து மருத்துவர் புத்தகமாக எழுதினார்.

நமக்கும் ஒரு பாடம்

"காந்தத்துல ஒட்டலை பாருங்க, சுத்தத் தங்கம்" என்று யாராவது நகை விற்க வந்தால் நம்பாதீங்க. தங்கம் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் பித்தளையும் செம்பும்கூட ஒட்டாதே! முதல் சோதனை செய்த பிள்ளையே இதைச் சொல்லிவிடும். நகை வாங்கும்போது பி.ஐ.எஸ். ஹால்மார்க் முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாளமும் இருக்கா என்று பாருங்க.

கட்டாயம் கவனிங்க

பொம்மைகளில் வரும் சின்னச் சின்ன பளபள காந்தங்களைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால், அவை வயிற்றுக்குள் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கும் குடலை ஓட்டையாக்கிவிடும். உயிருக்கே ஆபத்து. வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாம், வலி வந்தால் போகலாம் என்று காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. சோதனை முடிந்ததும் ஊசிகளை எண்ணி எடுத்து வைங்க.

ஆம்பளைப் பிள்ளைக்குக் காந்தம், பொம்பளைப் பிள்ளைக்குப் பாத்திரம் என்று பிரிக்காமல் இருவரையும் சேர்த்து உட்கார வைங்க. எந்தக் காசு ஒட்டியது, எது ஒட்டவில்லை என்று எழுதிய நோட்டை அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. எல்லோரும் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.