கூலன்ட் குறைஞ்சா தண்ணி ஊத்தலாமா?

தெர்மல் இன்ஜினியரிங் வைவாவில் "கூலன்ட் எதுக்கு?"னு கேட்டா, "இன்ஜினைக் கூல் பண்ண சார்"னு சொல்லி எல்லாரும் தப்பிச்சிடுவோம். "அதைத் தண்ணியே செய்யுமே, எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்?"னு அடுத்த கேள்வி வந்தால்தான் சிக்கல்.

உண்மையில் வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். அதன் தன்வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 4.18 கிலோஜூல். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கூலன்ட்டுக்குச் சுமார் 3.4தான். பிறகு ஏன் கூலன்ட்? மூன்று காரணங்கள்.

1. கொதிநிலை: சரிபாதிக் கலவை 107 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், இது 130ஐ நெருங்கும்.

2. உறைநிலை: அதே கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. சென்னையில் இது தேவையில்லை. லடாக் ட்ரிப் போறவங்களுக்குத் தேவை.

3. துரு: நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம். அலுமினியம் ஹெட், வார்ப்பிரும்பு பிளாக், சால்டர், ரப்பர் எல்லாம் ஒரே திரவத்தில் நனைகின்றன. வெறும் தண்ணீரில் இவை அரிக்கும். அதைத் தடுக்கும் இன்ஹிபிட்டர்கள் கூலன்ட்டில் இருக்கின்றன.

எவ்வளவு சீக்கிரம் சூடாகும்?

ஒரு சின்ன கணக்கு. ஹைவேயில் ஒரு கார் இன்ஜின் 20 கிலோவாட் கொடுக்கிறது, திறன் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எரிபொருளில் இருந்து வருவது சுமார் 67 கிலோவாட். அதில் 30 சதவீதம், அதாவது 20 கிலோவாட், கூலன்ட்டுக்குப் போகிறது. 5 லிட்டர் கூலன்ட் ஏறக்குறைய 5.3 கிலோ. அதை ஒரு டிகிரி சூடாக்க 18 கிலோஜூல் போதும். ரேடியேட்டர் வேலை செய்யாவிட்டால், ஒரு நொடிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறும். 90இல் இருந்து 120க்குப் போக அரை நிமிடம் கூட ஆகாது! பிளாக் உறிஞ்சும் வெப்பத்தைச் சேர்த்தால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

லெவல் ரொம்பக் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், சுழற்சி நின்றுவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. டெம்பரேச்சர் சென்சார் திரவத்தில் மூழ்காமல் போனால், இன்ஜின் கொதிக்கும்போதும் மீட்டர் குறைவாகக் காட்டலாம். "முள்ளு நார்மலாத்தானே இருந்துச்சு"னு சொல்றவங்க பொய் சொல்றதில்லை.

லெவல் குறைஞ்சிருக்கு, என்ன செய்யணும்?

இன்ஜின் ஆறிய பிறகு ரிசர்வாயர் டேங்கைப் பாருங்க. குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் போதும். டியூக், ஆர்15 போன்ற லிக்விட் கூல்டு பைக்குகளிலும் இந்த டேங்க் உண்டு. ஸ்ப்ளெண்டர்காரங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஓடும்போது முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேலான திரவம் அழுத்தத்தால்தான் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த கணமே அழுத்தம் விழும், திரவம் ஆவியாகிச் சீறும். கையும் முகமும் வெந்துபோகும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

ஆறிய பிறகு, கூலன்ட் கிடைக்கலைன்னா தண்ணி ஊத்தலாம். டிஸ்டில்டு வாட்டர் நல்லது. வேறு வழியே இல்லைன்னா குடிதண்ணி. அது மெக்கானிக் கடை வரைக்கும் போகத்தான். அங்கே கலவையைச் சரிபண்ணிடணும்.

எந்த வகை?

கலரைப் பார்த்து வாங்காதீங்க. கிளைக்காலுக்கு நிறமே கிடையாது. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம். ஒரே நிறத்தை வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு வகைக்குப் போடுகின்றன.

ஐஏடி: சிலிக்கேட் போன்ற கனிம உப்புகள் கொண்ட பழைய வகை. உலோகத்தின் மேல் வேகமாகப் படலம் போடும், வேகமாகத் தீர்ந்தும் போகும். ஆயுள் சுமார் 2 வருடம்.

ஓஏடி: கரிம அமிலங்கள் கொண்டது. அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் 5 வருடம் வரை தாங்கும்.

ஹெச்ஓஏடி: இரண்டும் கலந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் பெரும்பாலும் சிலிக்கேட் சேர்ப்பார்கள். ஜப்பான், கொரியா கம்பெனிகள் பாஸ்பேட் சேர்ப்பார்கள். பாஸ்பேட் வகையில் போர் தண்ணீரைக் கலந்தால், அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிவாகி ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும்.

ஓனர்ஸ் மேனுவலில் சொன்ன வகையை வாங்குங்க. வகைகளைக் கலந்தால் இன்ஹிபிட்டர்கள் ஒன்றையொன்று கெடுத்து ஆயுள் குறையும். சில சமயம் கூழாகவும் ஆகும். உள்ளே என்ன இருக்குன்னே தெரியலையா? முழுசா ஃப்ளஷ் பண்ணிட்டுப் புதுசா நிரப்புங்க.

கேனில் 'ரெடி டு யூஸ்' என்றிருந்தால் தண்ணீர் சேர்க்கக்கூடாது. 'கான்சன்ட்ரேட்' என்றால் மேனுவல் சொல்லும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்க்கணும். "அப்படியே ஊத்தினா இன்னும் நல்லதுதானே?" இல்லை. சுத்தமான கிளைக்கால் மைனஸ் 13லேயே உறையும், வெப்பத்தையும் குறைவாகவே சுமக்கும்.

திரும்பத் திரும்பக் குறைஞ்சா?

மூடிய அமைப்பில் கூலன்ட் சட்டுன்னு குறையாது. ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப், மூடியின் ரப்பர் என வரிசையாகப் பாருங்க. வெளியே கசிவே இல்லாமல், சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வந்தாலோ, ஆயில் பால் கலந்த காபி மாதிரி ஆனாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு மேல் வண்டியை ஓட்டாதீங்க.

கடைசியா ஒன்று. கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம்; சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுக்கும். ஹாஸ்டல் பார்க்கிங்கில் கொட்டிய கூலன்ட்டை நாயோ பூனையோ நக்கினால் பிழைப்பது கஷ்டம். சிந்தினால் துணியால் துடைத்து, அந்த இடத்தை நன்றாகக் கழுவி விடுங்க. பழைய கூலன்ட்டைக் கேனில் பிடித்து சர்வீஸ் சென்டரில் கொடுங்க.