வளைந்த கைப்பிடிக்கு எவ்வளவு இடம் விடவேணும்?



இந்தக் கிழமை எபிசோட்டில் டொலரன்ஸ் பற்றிக் கதைச்சம். ரெண்டு துண்டு பொருந்தவேணும் என்றால் நடுவில எவ்வளவு இடைவெளி விடுறது என்ற கணக்கு. நேரம் போதாமல் விட்டுப்போன ஒரு உதாரணத்தை இங்கே எழுதுறன். அது த்ரீ-டி பிரிண்டர் காலத்துச் சாமான் இல்லை. பழைய மவுசர் ரைபிள் ஒன்றின் மரக்கட்டையில, வளைத்த போல்ட் கைப்பிடிக்கு இடம் வெட்டுற வேலை.

போல்ட் என்பது குழலின் பின்பக்கத்தை மூடுகிற இரும்பு உருளை. கைப்பிடியை 90 பாகை மேலே திருப்பி, பின்னால இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே வரும். முன்னால தள்ளித் திரும்பக் கீழே திருப்பினால், போல்ட்டின் முன்முனையில இருக்கிற ரெண்டு காதுகள் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். 1898இல் ஜெர்மன் இராணுவம் எடுத்த கெவேர் 98இல் கைப்பிடி நேராக வலப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். 1935இல் வந்த கராபினர் 98கேயில் அதைக் கீழே வளைச்சார்கள். வளைச்சதோடு விடாமல், கைப்பிடிக்குக் கீழே மரத்தில ஒரு குழிவும் வெட்டினார்கள், விரல் போய்ப் பிடிக்கிறதுக்கு.

போருக்குப் பிறகு இந்த ரைபிள்களில நிறைய வேட்டைத் துப்பாக்கியாக மாறிச்சுது. நோர்வேயில வளர்ந்தவர்களுக்கு ஒரு சின்னச் செய்தி: 1945இல் ஜெர்மன் படைகள் விட்டுப்போன 98கேகளை நோர்வே எடுத்து, பலதை .30-06 தோட்டாவுக்கு மாற்றிப் பல வருஷம் பாவிச்சது. வேட்டைக்காரர் என்றால் மேலே ஸ்கோப் பூட்டுவார். நேரான கைப்பிடி திறக்கேக்க நட்டுக்குத்தாக எழும்பி ஸ்கோப்பில போய் முட்டும். இராணுவம் வளைச்ச அளவும் தாழ்வாகப் பூட்டின ஸ்கோப்புக்குப் போதாது. அதனால கைப்பிடியை இன்னும் கீழே வளைக்கவேணும். வளைச்சால் அது மூடும்போது மரத்தில வந்து இடிக்கும். பிரச்சினை ஸ்கோப்பில இருந்து மரத்துக்கு இடம் மாறுது, அவ்வளவுதான்.

வளைக்கிற வேலை அனுமதிப்பத்திரம் உள்ள துப்பாக்கித் தச்சருக்கு உரியது. சூடு போல்ட்டின் முன்பக்கம் ஏறினால் பூட்டுக் காதுகளின் கடினம் கெட்டுப்போகும். அதை வீட்டுக் கராஜில செய்யிறது பைத்தியக்காரத்தனம். எங்கட பாடம் மரத்தைப் பற்றியது. அதுக்கும் முதலில மகசினும் குழலும் வெறுமையா என்று கண்ணாலயும் விரலாலயும் பார்க்கவேணும். பிறகு ரெண்டு பெரிய திருகாணிகளையும் கழற்றி இரும்பை மரத்தில இருந்து பிரிக்கிறது.

எங்கே வெட்டவேணும் என்று எப்படித் தெரியும்? பல் வைத்தியரிட்ட போனால், அடைத்த பல்லில ஒரு நிறத்தாளை வைச்சுக் கடிக்கச் சொல்லுவினம். எங்கே நிறம் பிடிக்குதோ அங்கே உயரம் கூட. இதுவும் அதேதான். கைப்பிடியின் அடிப்பக்கம் விளக்குக்கரியை எண்ணெயில குழைச்சு மெல்லிசாகப் பூசி, மெதுவாக மூடிப் பார்க்கிறது. மரத்தில கறுப்பு ஒட்டின இடத்தை மட்டும் சுரண்டுறது. திரும்பப் பூசு, மூடு, சுரண்டு. முப்பது நாற்பது தரம் போகும். அளந்து கோடு கீறி ஒரே வெட்டில முடிக்கலாம் என்று நினைக்கிறவர்கள், வெட்டின மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பதை நினைவில வைச்சால் நல்லம்.

பெரும்பகுதியைக் குழிவு உளியால எடுக்கலாம். விளிம்புக்குக் கிட்ட வந்தால் வட்ட அரம், கடைசியில ஒரு உருண்டைத் தடியில சுற்றின சாண்ட்பேப்பர். வால்நட் மரத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுது என்று பார்த்து அதோட போகவேணும். எதிர்த்துப் போனால் மேல்விளிம்பு சிம்பு சிம்பாகத் தெறிக்கும். பிற்காலத்து 98கேகளில பீச் மரத் தகடுகளை ஒட்டிச் செய்த கட்டை இருக்கும். அதில குழிவு வெட்டினால் அடுக்குகள் மலை வரைபடக் கோடுகள் மாதிரித் தெரியும், பார்க்க வடிவு. ஆனால் பசை கலந்த தூசு வரும், முகமூடி போடுங்கோ. மாற்றம் எதுவும் செய்யாமல் தப்பி நிற்கிற பழைய கட்டை கிடைச்சால், என்னைக் கேட்டால், உளியே வைக்காதீங்கோ. வேற கட்டை வாங்கி அதில வெட்டலாம்.

இனித்தான் டொலரன்ஸ். கறுப்பு எல்லா இடமும் சீராகப் பிடிச்சால் பொருத்தம் சரி என்று தோன்றும். மற்ற இடங்களுக்கு அது சரி. சுடும்போது வருகிற பின்னுதைப்பை இரும்பின் அடியில இருக்கிற ஒரு தடித்த கட்டைவிரல் போன்ற பகுதி மரத்தில ஊன்றித் தாங்குது. அங்கே இடைவெளி இருக்கவே கூடாது. ஆனால் கைப்பிடி எங்கேயும் மரத்தைத் தொடக்கூடாது. கீழே தொட்டால் போல்ட் கடைசிப் பாகை வரை திரும்பாது, காதுகள் முழுசாகப் பூட்டாது. அந்த நிலையில விசையை இழுத்தால் ஊசியின் வேகத்தில ஒரு பங்கு போல்ட்டைத் திருப்புறதிலேயே செலவழிஞ்சு, தோட்டாவில அடி பலவீனமாக விழும். பின்பக்கம் தொட்டால், ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடி மரத்தை ஆப்பு மாதிரி இடிக்கும். கொஞ்ச நாளில கைப்பிடிக்குப் பின்னால ஒரு கீறல் ஓடும்.

அதனால கறுப்பு ஒட்டுறது நின்ற பிறகும் வேலை முடியேல்லை. இன்னும் கொஞ்சம் எடுக்கவேணும். ஒரு விசிட்டிங் கார்ட் கைப்பிடியின் கீழும் பின்னும் தடையில்லாமல் போய் வந்தால் அது ஆகக் குறைஞ்ச அளவு. மழையில நனையிற வேட்டைத் துப்பாக்கிக்கு 1 மில்லிமீட்டர் விட்டாலும் தப்பில்லை, மரம் ஈரத்தில ஊதும்.

இந்தச் சோதனையை ரெண்டு திருகாணியையும் முழுசாக இறுக்கின பிறகுதான் செய்யவேணும். இறுக்கும்போது இரும்பு மரத்துக்குள்ள ஒரு மயிரிழை இறங்கும், அதோட கைப்பிடியும் இறங்கும். தளர்வாக வைச்சுப் பார்த்துச் சரி என்று விட்டது, இறுக்கினதும் தொடும். கட்டையில இல்லாமல் வெறும் இரும்பாக ஒருக்கா போல்ட்டை மூடிப் பாருங்கோ, பிறகு கட்டையில இறுக்கி ஒருக்கா. ரெண்டு தரமும் கைக்கு ஒரே மாதிரி இருக்கவேணும்.

கடைசியில புதிசாக வெட்டின பச்சை மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், மூன்று நாலு மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் நல்லாகக் காயவிட்டு. பூச்சுக்கும் தடிப்பு இருக்கு, அதனால காய்ஞ்சதும் திரும்ப விசிட்டிங் கார்ட்டை எடுங்கோ. இலையுதிர்கால மழை ஒன்று கண்ட பிறகு இன்னொருக்கா.