வாசல் நாயும் வீட்டின் நலமும்

நம் கிராமங்களில் நாய் இல்லாத தெருவைக் காண்பது அரிது. களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் இருப்பதும், ஆட்டுப்பட்டியை இரவெல்லாம் சுற்றி வருவதும், அயலார் வருகையைக் குரைத்து அறிவிப்பதும் நாயே. ஆயினும் பசுவுக்கும் எருதுக்கும் நாம் செய்யும் பராமரிப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாய்க்குச் செய்வதில்லை. மாட்டுக்கு நோய் கண்டால் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். நாய்க்கு நோய் கண்டால் ஊருக்கு வெளியே விரட்டிவிடுகிறோம். இந்த அலட்சியத்திற்கு நாம் கொடுக்கும் விலை, சில வேளைகளில் ஒரு குழந்தையின் உயிராகவே அமைந்துவிடுகிறது.

வெறிநோய் என்பது யாது?

ரேபீஸ் எனப்படும் வெறிநோய் ஒருவகை வைரஸ் கிருமியால் உண்டாவது. நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் இக்கிருமி இருக்கும். கடித்த புண்ணின் வழியே உடலுள் புகுந்து, நரம்புகளைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளையை நோக்கிச் செல்லும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும். முகத்திலோ தலையிலோ கடிபட்டிருந்தால் அதற்கு முன்னரே வெளிப்படக்கூடும். அறிகுறிகள் தோன்றியபின் நோயாளியைப் பிழைக்கவைக்கும் சிகிச்சை இல்லை. ஆனால் கிருமி மூளையை எட்டுவதற்குள் முறைப்படி சிகிச்சை பெற்றால் நோயைத் தடுத்துவிடலாம். ஆகவே கடிபட்ட பின் கழியும் ஒவ்வொரு நாளும் அருமையானது.

நோயை அறிவது எங்ஙனம்?

வெறிநாய் என்றவுடன், நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு எதிர்ப்பட்டோரையெல்லாம் கடிக்கும் நாயே நம் நினைவுக்கு வருகிறது. அது ஒருவகை மட்டுமே. மற்றொரு வகையில் நாய் சோர்ந்து இருண்ட மூலையில் ஒடுங்கும்; கீழ்த்தாடை தொங்கும்; எச்சில் வடியும்; விழுங்க இயலாமல் தவிக்கும். “தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது” என்று எண்ணி, வாயில் கைவிட்டுத் துழாவுவோர் பலர். இது மிகவும் அபாயமான செயல். மாட்டுக்கும் வெறிநோய் வரும். அப்போதும் வாயில் நுரை தள்ளும். தொண்டை கம்மிய குரலில் ஓயாது கத்தும். அதன் வாயிலும் கையை விடலாகாது. உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

வெறிநாய் தண்ணீரைக் கண்டு அஞ்சும் என்று பலர் நம்புகின்றனர். நீரச்சம் மனிதருக்கு உரிய அறிகுறி. வெறிபிடித்த நாய் நீரருகே செல்லவும் கூடும். நோய் வெயில் காலத்தில் மட்டுமே வரும் என்பதும் பிழை. ஆண்டு முழுவதும் வரும். சிறு குட்டிக்கு வெறிநோய் வாராது என்று அதன் பற்பட்ட காயத்தைப் பொருட்படுத்தாமல் விடுவதும் தவறு.

கடிபட்டால் செய்யவேண்டியது

முதற்காரியம், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவுதல். குழாய் இல்லாத இடத்தில் குடத்து நீரை இடைவிடாமல் ஊற்றிக் கழுவலாம். இதனால் கிருமியில் பெரும்பகுதி காயத்திலேயே அழிந்துபோகும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, எண்ணெய், பச்சிலை ஆகியவற்றை அப்புதல் கூடாது. மந்திரிப்பதிலும் வேர் கட்டுவதிலும் காலத்தைப் போக்கவும் கூடாது.

அடுத்து, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லவேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்ற அச்சம் முதியோரிடம் இன்றும் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. இப்போது புயத்தில்தான் ஊசி போடுகிறார்கள். நான்கு அல்லது ஐந்து தவணைகளே. ஆழமாகக் கடிபட்டு இரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தையும் செலுத்துவார்கள். ஒரு தவணையையும் தவறவிடலாகாது.

கடித்த நாயை அடித்துக் கொல்லவேண்டாம். அபாயமின்றி இயலுமாயின் கட்டிவைத்து, உணவும் நீரும் அளித்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். கடிக்கும்போது அதன் உமிழ்நீரில் கிருமி இருந்திருந்தால், இதற்குள் நாய் நோயுற்று இறந்துவிடும். ஆனால் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடுதல் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டே நாயைக் கவனிக்க வேண்டும்.

நாய்க்கு ஓர் ஊசி

1885-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர், நாய்க்கடிபட்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைத் தம் தடுப்பூசியால் காத்தார். தென்னிந்தியாவில் இச்சிகிச்சைக்கென 1907-ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பெற்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நோய் நம்மிடையே நிலைத்திருப்பதற்குக் காரணம், கடிபட்ட மனிதருக்கு மட்டும் ஊசி போட்டு, நோய் தங்கும் நாயை நாம் மறந்ததே. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாயால் வருவது. கடிபடுவோரில் 40 சதவீதத்தினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்தவுடன் முதல் ஊசி. மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசி. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. போட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளல் நலம். மருந்துக் கடையில் வாங்கி எடுத்துச் செல்வோர், பனிக்கட்டி இட்ட பெட்டியில் வைத்தே கொண்டுசெல்ல வேண்டும். வெப்பம் பட்ட மருந்து பயன் தராது.

நாய் ஏன் கடிக்கிறது?

கடிக்கும் நாயெல்லாம் வெறிநாய் அன்று. பகல் முழுதும் குறுகிய சங்கிலியில் கட்டுண்டு, நிழலும் நீருமின்றிக் கிடக்கும் நாய் சீற்றம் கொள்வது இயல்பே. சங்கிலி நீளமாகட்டும், தட்டில் நீர் எப்போதும் இருக்கட்டும், நாள்தோறும் சிறிது நேரம் அவிழ்த்து நடத்திச் செல்லுங்கள். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டியோடு இருக்கும் தாய் நாயையும் நெருங்கலாகாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நாய் கீறினாலும் அதை மறைக்காமல் உடனே பெற்றோரிடம் சொல்லவேண்டும் என்பதையும் கற்பியுங்கள். அடிக்கு அஞ்சிக் குழந்தை மறைத்த சிறு காயமே சில குடும்பங்களில் பெருந்துயராய் முடிந்திருக்கிறது.

ஊரார் செய்யத்தக்கது

நாய்களைக் கொன்றோ வேறூரில் கொண்டுவிட்டோ நோயை ஒழிக்க இயலாது. காலியான இடத்தில் ஊசி போடாத புதிய நாய்கள் வந்து சேரும். ஓர் ஊரில் 100 நாய் இருந்தால், அவற்றுள் 70 நாய்க்கேனும் ஆண்டுதோறும் ஊசி போடவேண்டும். அப்போது கிருமி ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்குப் பரவ வழியின்றி மறையும். கருத்தடை செய்வதும் நாய்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளாகும். அந்நாளையொட்டி ஊராட்சி மன்றமும் பள்ளி ஆசிரியர்களும் இளைஞர் மன்றத்தினரும் ஒன்று கூடி, கால்நடை மருத்துவரை ஊருக்கு அழைத்து முகாம் நடத்தலாம். தெருத்தெருவாக நாய்களைக் கணக்கெடுத்து, நாள்தோறும் சோறிடும் வீட்டாரைக் கொண்டே தெரு நாய்களையும் பிடித்து வரச் செய்யலாம். தம் வாசலில் கிடக்கும் நாய்க்கு இந்த ஆண்டு ஊசி போட்டாயிற்றா என்று ஒவ்வொரு வீட்டாரும் இன்றே எண்ணிப் பார்ப்பார்களாக.